முதலில் எழுந்தவள்

எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்து நாளில் அப்பமும் ரசக் கிண்ணமும் வரும் வரிசை எல்லோருக்கும் தெரியும். மேலத்தெரு ஆண்கள் முதலில் எழுந்து, பீடத்தின் முன்னால் இருக்கும் மரக்கிராதியருகே முழங்கால் போடுவார்கள். அடுத்து அவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்த பிறகுதான் தூணுக்குப் பின்னால் இருக்கும் கீழத்தெருக்காரர்கள் நாங்கள் எழுந்திருப்போம். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சராக மேலத்தெருப் பிள்ளைகளுக்கும் நான்தான் பாடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் இடம் தூணுக்குப் பின்னால்.

சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிராது. பேராயரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திருவிருந்தில் முன் பின் என்பது இனி இல்லை, ஜாதி பார்த்து வரிசை வைப்பது பாவம் என்று அதில் இருந்தது. எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி விடுமுறை அறிவிப்புக்கும் அறுப்பின் பண்டிகை அறிவிப்புக்கும் நடுவில் அதை அவர் மளமளவென்று வாசித்து முடித்தார். வாசிப்பதற்காக வந்த காகிதம், வாசித்தாயிற்று என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். என் மகள் மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. ஐயர் அழைப்பு வார்த்தைகளைச் சொல்லி முடித்ததும் என் பக்கத்தில் சேலை சரசரத்தது. நான் ஜெபத்தில் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது அவள் நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தாள். தனியாகக் கிராதிக்குப் போய் முழங்கால் போட்டாள்.

ஐயர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அவளுக்கு அப்பம் கொடுத்தார், கிண்ணத்தைக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுத் தலைகுனிந்து இருந்தாள். அவள் வாய் வைத்த கிண்ணத்துக்கு அதன் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. மேலத்தெருவில் ஒருவரும் இல்லை. எங்கள் தெருவிலும் ஒருவரும் இல்லை.

நானும் எழுந்திருக்கவில்லை. இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட எனக்குப் பத்தடி தூரம்தான். உட்கார்ந்தே இருந்தேன்.

அர்ப்பணம் செய்த ரசத்தை மீதி வைக்கக் கூடாது, கீழே ஊற்றவும் கூடாது. குருவானவர்தான் குடித்து முடிக்க வேண்டும். எண்பது பேருக்கு என்று காய்ச்சி வடித்த திராட்சை ரசம். ஐயர் பீடத்தின் பக்கம் திரும்பி நின்று மடக்கு மடக்காகக் குடித்தார். நடுவில் புரையேறி இருமினார்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் மேலத்தெரு அம்மா ஒருத்தி, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "டீச்சர் மகளுக்கு அம்புட்டுத் தாகம் போல."

"ஐயருக்கும்தான்," என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குப் போக மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். வழக்கம்போல் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அவளையும் கழற்றச் சொன்னேன். அவள் அப்பா செத்து ஆறு வருடம். இவளைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை ஐயர் என்னை வரச் சொன்னார். அவர் மேசைமேல் வெள்ளைத் தாள் இருந்தது.

"நான் வாசிச்சதைத்தான் அந்தப் பிள்ள செஞ்சுச்சு டீச்சர். எனக்குத் தெரியும். ஆனா சபைக் கமிட்டில மேலத்தெருக்காரக ஒரு மன்னிப்புக் கடுதாசி கேக்குறாக. பள்ளிக்கூடமும் அவுக கையிலதான் இருக்கு."

"பேராயர்ட்ட சொல்லலாமே ஐயரே."

"சொல்லலாம். பதில் வர ஒரு மாசம் ஆகும். அந்த ஒரு மாசம் நீங்க ரெண்டு பேரும் அந்தத் தெரு வழியாத்தான போயிட்டு வரணும்."

அவர் மிரட்டவில்லை. அவரும் பயந்துதான் இருந்தார். என் மகள் அறியாமல் செய்துவிட்டாள், சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று, பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டும் அதே அச்சு எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அறியாமச் செஞ்சேன்னு எழுதுனியாம்மா?"

"ஞாயித்துக்கெழம வாசிச்சுட்டா முடிஞ்சிரும்."

"நான் அறிஞ்சுதான செஞ்சேன்."

சனிக்கிழமை அவளை ரயிலேற்றி மண்டபம் ஊரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். வண்டி நகர்ந்ததும் எனக்கு மூச்சு வந்தது. இனி என்ன நடந்தாலும் அது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

ஞாயிறு ஐயர் கடிதத்தை வாசித்தார். அன்றைக்கு மீண்டும் திருவிருந்து வைத்தார்கள். பழைய வரிசைப்படியே எல்லோரும் போனார்கள், வந்தார்கள். கடைசியில் நான் போய்க் கிராதியின் ஓரத்தில் முழங்கால் போட்டேன். என் பக்கத்தில் யாரோ வந்து இறங்கினார்கள். பார்த்தால் என் மகள். கணுக்கால்வரை புழுதி. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாளாம். இரவு அங்கே பள்ளித் தோழி வீட்டில் தங்கி, விடிந்ததும் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து வந்திருக்கிறாள்.

ஐயர் கிண்ணத்தோடு அவள் முன்னால் வந்து நின்றார். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அறிஞ்சுதான் செஞ்சேன் ஐயரே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் அவர் அவளுக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுத்தபோது கிண்ணத்தின் விளிம்பு என் பல்லில் தட்டிக்கொண்டே இருந்தது.

அவள் சொன்னது முன்வரிசையில் யார் காதில் விழுந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. பாடகர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டிருக்காது என்று ஒரு நாள் தோன்றும், எல்லோரும் கேட்டார்கள் என்று மறுநாள் தோன்றும். அன்று தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் வரைக்கும், அவள் லீவுக்கு வந்திருக்கும்போது பின்னால் சைக்கிள் மணி அடித்தால் அவளை இழுத்து என் மறுபக்கம் விட்டுக்கொள்வேன்.

அந்தச் சுற்றறிக்கை கோயில் கதவில் ஒட்டியபடி வெயிலில் வெளுத்தது. பிறகு வேறு ஐயர் வந்தார். இப்போது வரிசை கொஞ்சம் கலைந்திருக்கிறது, முழுக்க அல்ல. என் மகள் அபிராமம் பக்கத்தில் டீச்சராக இருக்கிறாள். வாரம் ஒரு கார்டு போடுகிறாள். சுகம் என்று எழுதுகிறாள், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறாள். அங்கே கோயிலில் எத்தனையாவது ஆளாக எழுந்திருக்கிறாள் என்று எழுதுவதில்லை. நான் கேட்பதும் இல்லை. ஞாயிறு காலை அழைப்பு வார்த்தைகளை ஐயர் சொல்லத் தொடங்கினால் மட்டும் என்னால் இப்போதும் கண்ணை மூட முடிவதில்லை.