பாடத்துக்குப் பிள்ளையாக உட்காருகிறவள்

செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, உட்கார்ந்த கையோடு டெல்பின் கேட்கிறாள்: "எத்தனாம் வகுப்புளா?"

"ரெண்டாப்பு. கழித்தல்," என்கிறாள் இந்துமதி, கரும்பலகையில் தேதியை எழுதிக்கொண்டே.

"ம்."

ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் டெல்பின்தான் வகுப்பிலேயே உயரமானவள். எண்ணக் கற்பிப்பதற்கென்று கடற்கரைச் சோழிகளைக் கம்பியில் கோத்து மணிச்சட்டம் செய்து வைத்திருக்கிறாள். டிபன் டப்பாவில் மீன் இல்லாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவள் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டதும், பெஞ்சே உயரமாகிவிட்டதுபோல, அவளுடைய நீண்ட கால்கள் தரையை விட்டு எழும்பி மெல்ல ஆடத் தொடங்குகின்றன.

மைக்ரோ டீச்சிங் என்பது இதுதான். ஒருத்தி ஆசிரியை, மற்றவர்கள் அவளுக்குப் பிள்ளைகள். பிள்ளைகளாக உட்காருகிறவர்கள் கூத்தடிப்பார்கள். "டீச்சர், ஒண்ணுக்கு!" "டீச்சர், இவ கிள்ளுதா!" விரிவுரையாளர் பாண்டித்துரை சாரே சிரித்துவிடுவார். டெல்பின் கூத்தடிப்பதில்லை. நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று கேட்டால், உதட்டை நக்கிக்கொண்டு, விரல்களை மடக்கி, "முப்பத்தஞ்சு" என்கிறாள். எப்படி?

"ஏழுல ரெண்டு போச்சுன்னா அஞ்சு. நாலுல ஒண்ணு போச்சுன்னா மூணு. பெருசுலருந்துதான டீச்சர் சின்னத எடுக்க முடியும்?"

மற்றவர்கள் வாய்க்கு வந்த தப்பைச் சொல்வார்கள். இவள் சொல்வது ஏழு வயதுப் பிள்ளை செய்கிற தப்பு. குரலும் அந்த வயதுக்குப் போய்விடும். முதல் தடவை கேட்டபோது, பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் இருக்க, இந்துமதிக்குக் கை மயிர் சிலிர்த்தது. விளாத்திகுளத்துக் கரிசல்காட்டில் பேய்க்கதைகளோடு வளர்ந்தவள்தான். ஆனால் அந்தக் கதைகளில் யாரும் கணக்குப் போட்டதில்லை.

பாடம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் டெல்பினின் கால்கள் ஆடிக்கொண்டிருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சில நாள் ஒரு குரலுக்கு வந்துவிடுவாள். சில நாள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும். அப்புறம் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்பாள்: "நான் என்னளா சொன்னேன்?"

அவள் பிள்ளையாக உட்கார்ந்தால் பாடம் களைகட்டும் என்பதால் எல்லோருக்கும் அவள்தான் வேண்டும். மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்குத் தெரியாது. "பாவம், கேக்குதாளுவ. பிள்ள இல்லாம டீச்சர் எப்பிடி ஆவ?" என்பாள்.

அதற்கான விலையையும் கொடுத்துவிட்டாள். முதலாண்டுச் செய்முறைத் தேர்வன்று காலை முழுக்கத் தோழிகளுக்குப் பிள்ளையாக இருந்தாள். தன் முறை வந்து பேரைக் கூப்பிட்டபோது, பெஞ்சில் காலாட்டிக்கொண்டே இருந்துவிட்டாள். அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவளுக்கு 'ஆப்சென்ட்' போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அரியரைத்தான் இப்போது இரண்டாமாண்டுத் தேர்வோடு சேர்த்து மறுபடி எழுதுகிறாள். அவளுடைய கடற்கரை ஊர்ப் பள்ளியில் ஒரு வேலையை அவளுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவையும் தவறினால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"எங்க அப்பா சங்கு குளிக்க எறங்குதாவள்லா," என்றாள் ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மேல வள்ளத்துல கயிறு பிடிக்கது எங்க மாமாதான். மச்சான் பிடிச்சாத்தான் நம்பி எறங்கலாமாம். தங்கச்சி தாலிய நெனச்சு இழுத்துருவாம்லா. நான் பிள்ளையா உக்காரும்போது எனக்கு நீ பிடிளா."

"நான் கயித்த விட்டா எவ தாலி அறப்போவுது?" என்று இந்துமதி கேட்டதும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த டெல்பின், வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, "அங்கன நல்லாத்தான் இருக்கு. அதான்ளா பயமா இருக்கு," என்றாள்.

தேர்வுக்கு முந்தின நாளே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் தேர்வாளர் சண்முகவடிவு மேடம் ஏரலிலிருந்து மழையோடு மழையாக வந்து இறங்கிவிட்டார். "பிள்ளைங்க வரலன்னா என்ன? நீங்களே உக்காருங்கம்மா," என்றார்.

"நீ வாயத் தெறக்காத," என்று டெல்பினைக் கடைசி பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தாள் இந்துமதி. அடுத்தடுத்து இவர்கள் இரண்டு பேர் முறைதான்.

இந்துமதியின் கழித்தல் பாடம் பாதி போயிருக்கும். மேடம் பேனாவை நீட்டினார். "பின்னால அந்த ஒசரமான பிள்ளையக் கேளும்மா. வாயே தெறக்க மாட்டுக்கு."

சாக்பீஸ் கையில் நின்றது. கேட்காவிட்டால் தன் மதிப்பெண் போகும். டெல்பின் தலையை லேசாக, வேண்டாம் என்று அசைத்தாள். இந்துமதி கேட்டுவிட்டாள்.

டெல்பின் உதட்டை நக்கினாள். கால்கள் தரையை விட்டு எழும்பின. "முப்பத்தஞ்சு."

"அருமை!" என்றார் மேடம். "இந்தத் தப்பத்தான் திருத்தணும்." இந்துமதி பத்துக் குச்சிகளாகக் கட்டியிருந்த ஒரு கட்டைப் பிரித்துத் திருத்திக் காட்டினாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"அடுத்து டெல்பின்."

மழை ஜன்னலில் அறைந்தது. இந்துமதி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "டெல்பின். ஏளா டெல்பின்." கால்கள் ஆடிக்கொண்டேயிருந்தன.

"டெல்பின் வந்திருக்கா, இல்லையா?" பேனா தாளுக்குப் போனது.

"வந்திருக்கா மேடம்!" இந்துமதி இரண்டு கையாலும் உலுக்கினாள். "மேல வாளா! மேல வா!"

பாதங்கள் தரையில் பட்டன. டெல்பின் எழுந்து, இந்துமதி கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். இந்துமதிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

ஆனால் ஆசிரியருக்கான கரும்பலகையின் முன் டெல்பின் நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போனாள். பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுவதற்காகச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள் அடித்திருக்கும். அதில் ஒரு கட்டத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டைப் பக்கத்து வெறுந்தரையில் இன்னொரு பிள்ளை இருப்பதுபோல நீட்டி, வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள்.