காலிக் கட்டத்தில் ஒரு புள்ளி

யசோதரா வேலையை விட்டது திமிரால் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எம்.கே.பி. நகரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, இன்சூரன்ஸ் கம்பெனியின் மெயின்ஃப்ரேமை, அதாவது எல்லாக் கணக்கும் ஓடுகிற பெரிய கம்ப்யூட்டரை, வருஷக்கணக்கில் கட்டி மேய்த்தவள் அவள். நான் ஹில்டா, ராயபுரம். அவளுக்குப் பக்கத்து சீட்.

நான் சேர்ந்த புதிதில் ஏபிஐ என்றால் என்னவென்று அவளிடம்தான் கேட்டேன்.

"ஒரு புரோகிராம் இன்னொண்ணுகிட்ட வேலை வாங்குற வழிதான். மூணு தினுசு கீது. மெஷினுக்குள்ளயே பக்கத்து புரோகிராமைக் கூப்புட்றது ஒண்ணு. வெளிய இருந்து போன்ல கீற ஆப்பு வந்து கேட்டு, நின்னு பதில் வாங்கிகினு போறது ஒண்ணு. கேள்விய க்யூல போட்டுட்டு போயிகினே இருக்கறது ஒண்ணு. இந்தக் கடைசிதான் பேஜாரு. வாங்கிகினேன்னு சொல்லும், முடிச்சிட்டேன்னு சொல்லாது."

எங்கள் புது ஆப்பில் கடைசி இரண்டையும் ஒட்டவைத்திருந்தார்கள். வாசலில் நின்று பதில் வாங்குவது போல இருக்கும், உள்ளே க்யூதான். ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் உடனே பச்சை டிக் விழும். கோரிக்கை வரிசையில் சேர்ந்தது, அவ்வளவுதான் அர்த்தம். ஜனங்கள் அனுமதியே கிடைத்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். அதை மாற்றச் சொல்லி யசோதரா மேலே சொல்லிப் பார்த்தாள். ஆப்பின் அழகு கெட்டுவிடுமாம். வயிற்றெரிச்சல்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் டூட்டியில் இருந்தபோது அவள் அம்மா கெங்கம்மா போன் செய்தார். அப்பா குணசேகரனுக்கு நெஞ்சுவலி.

"பச்ச டிக்கு வந்துகீதுடி. ஆனா உங்க கம்பெனி லெட்டர் வந்தாதான் ஆப்ரேசன்னு சொல்றாங்கோ. நைனா மூச்சு வுட முடியாம கெடக்காரு."

யசோதரா க்யூவைத் திறந்து பார்த்தாள். முன்னால் நின்ற ஒரு கோரிக்கையை மெயின்ஃப்ரேம் எடுப்பதும், ஏற்க முடியாமல் திரும்ப வைப்பதுமாக இருந்தது. அது நகராமல், அவள் அப்பாவுடையது உட்பட, பின்னால் இருக்கிற எதுவும் நகராது. இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடைத்துக்கொண்டு நிற்பதைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்றதை ஓடவிடுவோம். ஒதுக்கியதைத் திங்கட்கிழமை பிரித்துப் பார்ப்போம்.

"அது யாருது யசோ?" என்றேன்.

"அப்பால பாத்துக்கலாம். எங்க நைனா கெடக்காரு அங்க."

ஒதுக்கினாள். க்யூ ஓடியது. அன்று சாயங்காலமே ஆபரேஷன் முடிந்து அவர் பிழைத்துவிட்டார். போனை வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமை வந்ததும் ஒதுக்கியதைத் திறந்தாள். பூவம்மா, திருவொற்றியூர் குப்பம், மூளையில் ரத்தக்கசிவு. பெயரின் இரண்டாவது கட்டம் காலி. எந்த ஊர்க்காரனோ எழுதிய புரோகிராம், குடும்பப் பெயர் இல்லாமல் எடுக்காது. நம் ஆட்கள் அதில் இனிஷியலைப் போட்டுச் சமாளிப்பார்கள். பூவம்மாவுக்கு யாரும் போடவில்லை. ஒரு புள்ளி இருந்திருந்தால்கூட எடுத்திருக்கும்.

அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். மகன் ரஞ்சித் எடுத்தான்.

"அம்மா நேத்து பூட்சு மேடம். டிக்குதான் வந்துடுச்சே, லெட்டரும் வந்துரும்னு அங்கியே குந்திகினு இருந்தோம். இல்லன்னு சொல்லியிருந்தா பெரியாஸ்பத்திரிக்காவது இட்டுகினு போயிருப்போம்."

யசோதரா போனை வைத்தாள். அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து, கோரிக்கையை மறுபடி க்யூவில் விட்டாள். உடனே அனுமதி வந்துவிட்டது.