அம்மாவின் உள்ளங்கால்

என் அம்மா வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விடிகாலையில் கழனியில் களை பறித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர். ஆசிரியையாகி முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தார். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து நகம் பார்ப்பார். எண்பத்திரண்டு வயதிலும் வீட்டுக்குள் வெறுங்கால்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தது.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரும்பைக் கடையும் லேத் ஓட்டுகிறேன். ஷிஃப்ட் முடிந்த அலுப்பில் ஷூவோடே உள்ளே வந்துவிடுவேன்.

"டேய், ஷூவ வெளியவே வுடுடா" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

"இன்னாம்மா, நானு இன்னும் ஒண்ணாங்கிளாஸா?" என்று சிரிப்பேன்.

ஒருநாள் அம்மா நடந்த இடமெல்லாம் ரத்தக் கறை. அவருக்கு வலியே தெரியவில்லை. அதற்குள் உள்ளங்காலில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் இடுக்கியால் எடுத்துக் காட்டியது, என் ஷூவின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த இரும்புச் சுருள். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தும் அம்மா பிழைக்கவில்லை.

இப்போது ஷூ கம்பெனி லாக்கரிலேயே இருக்கிறது. என் மனைவிக்கும் சர்க்கரை. தினமும் அவள் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். "போதும், கூச்சமா கீது" என்பாள். நான் விடுவதில்லை.

ஊர்ப் பிள்ளைகளின் நகத்தையெல்லாம் பார்த்தவர் அம்மா. அவர் பாதத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.