நண்டூர் கேட்ட ஒரு நாள்

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. ஓடக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. திருவேட்டக்குடியில் கடலில் இறங்காத பையன் அவன் ஒருவன்தான். அம்மா மீன்கூடையோடு வரிச்சிக்குடிப் பக்கம் போய்விட்டால் அவன் என் பொறுப்பு. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதற்காகத்தான்.

மத்தியானங்களில் கரையில் கருவாடு காயப்போட்டுக் காக்காய் விரட்டும்போது அவனுக்குக் கதை சொல்வேன். எங்களைச் சுற்றி மணலெல்லாம் நண்டுக் குழிகள். அதற்கடியில் ஒரு ஊர் இருக்கிறது என்று ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிடித்துக்கொண்டான். அந்த ஊரில் ரேஷன் கடை வைத்தான். கூடையில் மனுச விரல் விற்கிற ஒரு நண்டுக்காரியை வைத்தான். அவளுக்கு அப்படியே அம்மாவின் குரல். மூச்சு வாங்குகிற ஒரு குட்டி நண்டை நான் சேர்த்தபோது மட்டும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெல்லாம் வேணாம். அங்க எல்லாரும் நல்லா இருக்கட்டும்."

போன வருஷம் கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கருங்கல் கொட்ட ஆரம்பித்தார்கள். லாரியும் பொக்லைனும் வடக்கிலிருந்து ஒவ்வொரு நாளும் எங்கள் பக்கம் நெருங்கின. கல் விழுந்த இடத்தில் குழிகள் இல்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எல்லாத்தையும் நசுக்கிடுவாங்களாக்கா?"

"தெக்கால போயிடும்டா. ஆனா மூட்ட முடிச்சு கட்டணும்ல? சத்தமே இல்லாம ஒரு முழு நாள் வேணும் அதுங்களுக்கு. நீ வாயத் தொற."

சோறு ஊட்டச் சொன்ன பொய். மறுநாளே அவன் பொக்லைன் ஓட்டுகிற அண்ணனிடம் நடந்துபோய்க் கேட்டுவிட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு நாள் நிறுத்துறீங்களா? நண்டுங்க ஊர் மாறணும்."

"எனக்கே ஞாயித்துக்கெழம லீவு தர மாட்டேங்குறாங்க தம்பி. நண்டுக்கு லீவா?" அவர் சிரித்து ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

அவன் அதைப் பிரிக்கவில்லை. என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தான். நல்ல வெயில். கருவாட்டு உப்பு ஏறிக் கை எரிந்தது. "ஊர்ல சாவு விழுந்தாத்தான்டா நிறுத்துவாங்க. ஆள விடு," என்றேன்.

அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. யார் இறந்தாலும் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் இறங்காது, கரையில் ஒரு வேலையும் நடக்காது.

"எதுத்த வீட்டுத் தாத்தா ரொம்ப இருமுறாருல்லக்கா?"

"வாயிலயே போடுவேன் பாரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவன் உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோவில்பத்து தாண்டும்போது என் மடியில் அவன் கனம் மாறியது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது படகெல்லாம் கரையில் கிடந்தது. பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு நின்றது. அதை ஓட்டுகிற அண்ணன் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தம்பியிடம் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மத்தியானம் ஆண்கள் அவனைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் கூடப் போகும் வழக்கமில்லை. நான் யாருக்கும் தெரியாமல் கரைக்குப் போனேன்.

நண்டுகள் வெளியே வந்திருந்தன. அத்தனை நண்டை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மணலை உருட்டி உருட்டிக் குழி வாசலில் வைத்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தெற்கே போகவில்லை.

கையைத் தட்டி விரட்டினேன். "போங்களேன்! இன்னைக்கு விட்டா கெடைக்காது, போங்க!"

ஓடி அதே குழிகளுக்குள் இறங்கிவிட்டன. ஒரு குழியைக் கையால் தோண்டினேன். தோள்வரை கை போனது. உள்ளே ஈர மணல்தான் இருந்தது.

சித்தி வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "என்னடி தேடுற இங்க? அடக்கம் ஆயிடுச்சு. தலைக்கு ஊத்திக்க வா, அம்மா தனியா கெடக்குறா."

நாங்கள் மேட்டில் ஏறும்போது பின்னால் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. முழு நாள்கூட ஆகவில்லை.