இறந்துபோன கமலா கதவைத் திறந்தார்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில், கமலா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கும்பிட்ட கைகள் வரிசையாக விழுந்தன. ஒருவர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்த கையோடு, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை என்றும் கேட்டிருந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் மட்டும் துக்கக் கூடாரம் எழும்பவில்லை. விசாரித்துவிடலாம் என்று போய் மணியை அழுத்தினேன்.

இறந்தவரே திறந்தார். முகத்தில் பவுடர், உடம்பில் புதுச் சேலை. பழைய கைப்பேசியிலிருந்து, உறவுக்காரி பெயரில் செய்தியைப் போட்டவரும் அவரே. இவ்வளவு நேரத்தில் நான் ஒருவன்தான் வந்தேன் என்று குறைபட்டுக்கொண்டார்.

கமலா சாங்கி சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். கணவர் இல்லை. மகன் ரஞ்சன் தீவின் மறுகோடியில், ஜூரோங்கில், ஏதோ ஆஸ்திரேலியாவில் இருப்பதுபோல இருக்கிறார். ஒருமுறை கமலாவுக்கு உண்மையாகவே பித்தப்பைக் கல்லை எடுத்தார்கள். தையல் ஆற விரால் மீன் சூப் என்பதில் இந்த ஊரில் எந்த இனத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீடு நிறைய சூப், வாசல் நிறைய செருப்பு. புண் ஆறியது, செருப்புகள் போயின. அதன்பின் கமலாவுக்குக் கட்டி வந்தது, மயக்கம் வந்தது, நெஞ்சு வலித்தது. மருத்துவர்களுக்குத்தான் எதுவும் அகப்படவில்லை.

நெஞ்சு வலித்த அன்று பக்கத்து வீட்டு ரபியா ஆம்புலன்ஸில் கூடவே போனார். அவர் மகள் ஃபஸீலாவுக்கு அன்று பட்டமளிப்பு. மகள் மேடையேறிய நேரத்தில் கமலா படுக்கையிலிருந்து ரபியாவிடம் கேட்டது இது: "குரூப்ல போட்டியா?"

நான் இருக்கும்போதே ரபியா வந்தார். கமலாவின் முகம் மலர்ந்தது.

"செத்துட்டீங்கன்னாங்க அக்கா. அதான், என் சூப் டப்பாவ எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் லா."

டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஏதாவது சமைத்துப் போட்டுத் தருகிறேன் என்றார் கமலா. எத்தனையோ முறை சொன்ன பதில். டப்பா இங்கே இருக்கும்வரை கேட்க ஒருத்தியாவது வருவாள் என்ற கணக்கு ரபியாவுக்கும் தெரியும்.

"இனிமே வலிச்சா ரஞ்சனக் கூப்பிடுங்க. நல்லா இருக்கேன்னு மெசேஜ் போடுங்க, அன்னைக்கு நான் வரேன்."

"நல்லா இருந்தா யாரு வருவா?"

"நான் வரேன்னுதானே சொல்றேன்."

ஒரு ஞாயிறன்று கமலா நலமாக இருப்பதாகக் குழுவில் அறிவித்தார். கும்பிட ஒரு கை இல்லை. ரபியா மட்டும் வந்தார். இனி வருவது இருவரும் தனித்தனியே சொன்னதில் ஒத்துப்போகிற பகுதி: தேநீருக்கு நடுவே கமலாவுக்கு இருமல் வந்தது. கலப்படமில்லாத இருமல். ரபியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கமலா மிச்ச இருமலைக் கண்ணீர் முட்ட விழுங்கினார். ரபியா மறுபடி உட்கார்ந்தார்.

இப்போது வாராவாரம் வருகிறார். போன வாரம் டப்பாவில் போடப் பாயசம் வைத்ததாகவும், இனிப்பு தூக்கலாகிவிட்டதால் தரவில்லை என்றும் கமலா சொல்கிறார். டப்பா அலமாரியில்தான் இருக்கிறது.