கையை உதறிவிட்டுத்தான் அடிப்பார்

ஓரெஸ்ட் ஹ்ரிட்சாக் செத்த மறுநாள் காலை, அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் சமையலறை மேசையில் ஒரே ஒரு சொல்லை வைத்துச் சண்டை மூண்டது. டெல்மர் ஊரின் வாரப் பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பு மதியத்துக்குள் போயாக வேண்டும். மகள் லரிசா செல்போனில் தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட இடது கையை மடியில் ஏந்தியபடி ஸ்டெஃபா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"'அன்புக் கணவரும் தந்தையும்'னு ஆரம்பி."

"மாட்டேன்."

"ஏன்டி? ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான போடறாங்க? குடிச்சிட்டுத் தன் வீட்டுக் கொட்டாயையே கொளுத்தினானே ஸ்லாவ்கோ, அவனுக்கே போட்டாங்க."

"அவங்க பொய் சொல்லட்டும். உன் கையைப் பாரும்மா. யாரு ஒடிச்சது அதை?"

அந்தக் கேள்விக்கு ஊர் எப்போதோ பதில் சொல்லி முடித்துவிட்டது. சற்று முன்புதான் பக்கத்து வீட்டு ஐரீன், முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டி வேகவைத்த பதார்த்தத்தை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். மாவுக்கட்டை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமேலாவது நிம்மதியா இரு" என்றாள். ஸ்டெஃபா தட்டை வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஓரெஸ்ட் அடிதடிக்காரர்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பகலில் மரஅறுவை மில்லில் வேலை. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் டெல்மர் அணிக்காகப் பனித்தளத்தில் ஹாக்கி. பதினோரு வருஷத்தில் அவர் போட்ட கோல் நான்கு. உடைத்த மூக்குகளுக்குக் கணக்கில்லை. அணியில் பூஞ்சையாக ஒரு பையன் வேகமாக ஓடி ஆடுவான். அவன்மேல் எவனாவது முழங்கையை வைத்தால் ஓரெஸ்ட் போய் எதிரே நிற்பார். இரண்டு கையையும் கீழ்நோக்கி ஓர் உதறு உதறுவார். தடித்த கையுறைகள் பனியில் விழும். வா என்று அதற்கு அர்த்தம். கையுறையோடு குத்துகிறவன் கோழை என்பது அங்கே சட்டம்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் லோரன் பெக் என்ற மலைமாட்டோடு அவர் மோதியதை ஸ்டெஃபா முதல் வரிசையிலிருந்து பார்த்தாள். பெக்கின் முதல் குத்தில் ஓரெஸ்டின் புருவம் கிழிந்து கண்ணை ரத்தம் மூடியது. ஓரெஸ்ட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தலைக்கு மேல் கவிழ்த்தார். அந்தத் துணிமூட்டைக்குள் இருந்த முகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறக்கினார். எலும்பு நொறுங்கிய சத்தம் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கேட்டது. இரண்டு பல் பனியில் சறுக்கிக்கொண்டு போனது. "கொல்லுடா!" என்று ஊரே கத்தியது. வெட்கம் என்ன, ஸ்டெஃபாவும் கத்தினாள். பெக் முழங்காலில் சரிந்தான். ஓங்கிய முஷ்டி அப்படியே நின்றது. ஓரெஸ்ட் திரும்பி, யாரும் சொல்லாமலே, சண்டை போட்டவனை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டிக்குள் போய், ஐந்து நிமிஷம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் ஒண்ணு போட்டிருக்கலாம்ல?" என்று பிறகு அவள் கேட்டாள்.

"தரையில கெடக்கறவனை அடிச்சா நான் ஆட்டக்காரன் இல்ல புள்ள, வெறும் ரவுடி."

கொடுத்தவர் வாங்காமலும் இல்லை. மூன்று முறை மண்டை பனியில் மோதி நினைவு தப்பியது. லரிசா பிறந்ததும் விளையாட்டை விட்டார். அதன் பிறகு முப்பது வருஷம் அந்தக் கை வீட்டில் ஒரு ஈயைக்கூட ஓங்கி அடித்ததில்லை. பதினாறு வயது லரிசா அவருடைய டிரக்கை ஏரிக்குள் இறக்கியபோதுகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அறுபத்து மூன்று வயதில், வாங்கிய அடியெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. முதலில் பெயர்கள் மறந்து போயின. பிறகு ஒரு மத்தியானம் ஸ்டெஃபா சூப் ஊற்றும்போது அவளையே வெறித்தார். அந்தக் கண்ணில் அவள் எதிரணிக்காரி. எழுந்து இரண்டு கையையும் உதறினார். அவளுக்குப் புரிவதற்குள் தாடையில் இடி இறங்கியது. விழுந்தாள். விழுந்ததும் அவர் நின்றுவிட்டார். எதிரிகூட யாரென்று தெரியாத மூளையில் அந்தச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது!

அன்றிலிருந்து அவர் கையை உதறினால் அவள் தரையில் உட்கார்ந்துவிடுவாள். "அஞ்சு நிமிஷம்! போய்யா, பெட்டிக்குப் போ!" என்பாள். அவர் மளிகை அறை நாற்காலியில் போய் உட்காருவார். வெளியே வந்து, "ஸ்கோர் என்ன?" என்பார். "நாமதான் ஜெயிக்கறோம்," என்பாள். நான்கு வருஷம் இந்தப் பிழைப்பு. சில நாள் அவள் தப்பினாள், சில நாள் தப்பவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவரைப் பூட்டி வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள் என்ற பயம்.

இதையெல்லாம் இப்போதுதான் மகளிடம் கொட்டினாள். லரிசா கேட்டு முடித்தாள். முகம் இளகவில்லை.

"சரி, கணவருக்கு 'அன்பு' போட்டுக்கறேன். அது உன் பாடு. தந்தைக்குப் போட மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஈஸ்டருக்கு வந்தப்ப அவர் விட்ட குத்துல என் உதட்டுல ஆறு தையல். அதான் இந்தப் பக்கமே வரல. நீ தரையில உக்காந்தா நிறுத்திடுவார்ங்கற. அப்போ இந்தக் கை?"

ஸ்டெஃபா மாவுக்கட்டை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

"எனக்கு முட்டி மடங்கல. மூணு வாரம் முன்னாடி. பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டிட்டிருந்தேன். கையை உதறினார். உக்காரப் பாத்தேன், முடியல. நின்னுட்டேன். கை போச்சு. நான் அலறினதும் என்னமோ ஆச்சு அவருக்கு. அவரே முட்டி போட்டார். பதினோரு வருஷத்துல ஒருத்தன் முன்னாடியும் தானா முட்டி போடாத மனுஷன்."

"அப்புறம்?"

"மாவு உருட்டற கட்டையால அடிச்சேன். முதுகுல. தலையை நிமித்தி 'ஸ்டெஃபா'ன்னார். ஒரு வருஷமா என் பேர் அந்த வாயில வரல. அதுக்கப்புறமும் ஒண்ணு போட்டேன்."

சாவுக்குக் காரணம் நிமோனியா என்றார்கள் டாக்டர்கள், அதுதான் உண்மையும். ஆனால் அந்த இரண்டாவது அடியை எந்த டாக்டர் வந்து எடுக்க முடியும்? ஸ்டெஃபா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். "சட்டத்தை மீறினது அவர் இல்லடி. நான்."

லரிசா போனைக் கீழே வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்த ஈஸ்டர் அன்னிக்கு எனக்கும் கையை உதறினார்ம்மா. ஈரக் கையாக்கும்னு நெனச்சேன். டவலை எடுத்துக்கிட்டுக் கிட்டப் போனேன்."

கொஞ்ச நேரம் கழித்து லரிசா போனைக் கையில் எடுத்தாள். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி தட்டி வாசித்தாள்: "அன்புக் கணவரும் தந்தையுமான ஓரெஸ்ட் ஹ்ரிட்சாக். இவரைப் பிரிந்து வாடுவோர் அன்பு மனைவி ஸ்டெஃபா..."

"எனக்கு அந்தச் சொல் வேணாம். எடுத்துடு."

லரிசா அதைக் காதில் வாங்காமல் அனுப்பிவிட்டாள்.