மூன்றாம் அத்தியாயத்தில் இல்லாத பாதைகள்

செய்தி வந்தபோது நான் வகுப்பில் பழுதான பிரிண்டர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலெல்லாம் மை. முழங்கையால் தொலைபேசியைத் தள்ளி எடுத்தேன். "சேர், அக்கா போயிட்டாங்க" என்றார் விஜயா, பரமேஸ்வரியின் தங்கை. எப்போது என்று கேட்டேன். "காலையில. நான் தேத்தண்ணி வாங்கக் கீழ போயிருந்தேன், சேர்." அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ பெயர் கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

பரமேஸ்வரியை உங்களில் பலர் பல விதமாக அறிவீர்கள். பலாங்கொடைக்கு மேலே, கடைசி பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டியுள்ள தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் அவரோடு கொழுந்து பறித்தவர்கள் இருக்கிறீர்கள். குவைத்துக்குப் போக அவரிடம் விவரம் கேட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். எனக்கு அவர் ஒரு கணினி விளையாட்டைச் செய்தவர். உங்களில் பாதிப்பேருக்கு இது தெரிந்திருக்காது. தெரியாமல் போனதில் எனக்கும் பங்கிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பலாங்கொடையில் எங்கள் வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் நான் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். அவர் அங்கே டைப்பிங் படிக்க வந்தார். வயது முப்பத்தாறு இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். மூன்றாவது நாள், எல்லோரும் போன பிறகு, "சேர், இதுல கேம் செய்ய முடியுமா?" என்று கேட்டார். விளையாட முடியுமா என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "இது இல்ல சேர். எதிரி காத்துக்கிட்டு நிப்பானே, அது."

குவைத்தில் அவர் வேலை செய்த வீட்டில் நடக்க முடியாத ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளுடைய அண்ணன் பழசாகிப்போனதென்று விட்டுச்சென்ற ஒரு விளையாட்டு இயந்திரம் டீவியோடு பூட்டப்பட்டிருந்தது. சதுரம் சதுரமான சின்ன மனிதர்கள் நாலுபேர் ஊர் ஊராகப் போவார்கள். வழியில் எதிரி வந்தால் ஆட்டம் நின்றுவிடும். அடிப்பதா, தடுப்பதா, மருந்து எடுப்பதா, ஓடுவதா என்று நாம் சொல்ல வேண்டும். நம் முறை முடிந்தால்தான் எதிரியின் முறை. ஆங்கிலத்தில் தான் முதலில் வாசிக்கப் பழகியது அந்த நான்கு சொற்களைத்தான் என்று பரமேஸ்வரி சொல்வார். "நான் கறிய அடுப்புல வச்சிட்டு வருவேன். வர்ற வரைக்கும் எதிரி அப்பிடியே நிப்பான். அந்த வீட்டுல எனக்காகக் காத்துக்கிட்டு நின்னது அது ஒண்ணுதான் சேர்."

அப்படித்தான் நாங்கள் தொடங்கினோம். அவர் கதையும் வரைபடமும் போடுவார், நான் அதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதுவேன். பழைய விளையாட்டுகளின் தோற்றத்தையே வைத்துக்கொண்டோம். அவருக்கு அதுதான் பிடித்தது. என்னிடமிருந்த கம்பியூட்டர்களாலும் அதற்குமேல் முடியாது. 'அடையாள அட்டை' என்று பெயர் வைத்தார். மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நாலு பெண்கள், அதில் ஒருத்திக்கு அடையாள அட்டை எடுக்க டவுனுக்கு இறங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. வழியில் அட்டைக்கடி, பனிமூட்டம், காட்டுப்பன்றி, ஆற்றுப்பாலம். கடைசியில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க். மற்ற விளையாட்டுகளில் இல்லாத ஒரு கட்டளையை அவர் சேர்த்தார்: 'பேசு'. நால்வரில் நன்றாகச் சிங்களம் தெரிந்தவளுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும்.

இரண்டு வருடம் அதனோடு இருந்தவன் என்ற முறையில், அதன் நல்லது கெட்டதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பனிமூட்டத்தோடு வரும் சண்டையைப் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பனியை அடித்தால் நம் பலம்தான் குறையும். மூன்று முறை ஒன்றும் செய்யாமல் நின்றால் அது தானாக விலகும். என்னிடம் படித்த பிள்ளைகளில் முதல் தடவையே நின்று பார்த்தவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும்தான். குறை என்றால், சண்டைகள் அளவுக்கு மிஞ்சி வரும். நாலடி வைத்தால் காலில் ஓர் அட்டை. அதைக் குறைக்கச் சொல்லிப் பல தடவை மன்றாடினேன்.

"மழ நாள்ல நாலடிக்கு ஒண்ணு ஏறத்தான் செய்யும் சேர்."

"அக்கா, விளையாடுறவங்களுக்கு அலுத்துப் போகும்."

"எங்களுக்கும் அலுப்புத்தான்."

குறைக்கவே இல்லை.

மூன்றாம் அத்தியாயம்தான் அதில் சிறந்தது. நால்வரும் டவுனுக்குள் வருகிற பகுதி. அதற்காக அவர் ஒரு முழுக் கொப்பியையும் வரைந்து நிரப்பினார். கட்டம் போட்ட தாளில் தோட்டத்துக் குறுக்குப் பாதைகள், பாலம், பஸ் நிலையம், தபால் கந்தோர், சோதனைச் சாவடி. எங்கெங்கே சண்டை வருமோ அங்கெல்லாம் சிவப்புப் பேனையால் 'எதிரி' என்று எழுதி, பக்கத்தில் அதன் பலத்தை எண்ணில் போட்டிருந்தார்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அந்தக் கொப்பியோடு அவர் பஸ்ஸில் வந்தபோது சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார்.

பத்து மணிபோல எனக்கு அழைப்பு வந்தது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதவில்லை. அங்கிருந்த அதிகாரி என்னைப் பார்த்துக் கத்தவில்லை, மிரட்டவுமில்லை. நாற்காலி தந்தார். கொப்பியை விரித்து என் பக்கம் திருப்பிவைத்தார். பரமேஸ்வரி சுவரோரம் நின்றிருந்தார், செருப்பில்லாமல். அதிகாரி சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டார்: "மஹத்தயா, இந்த மனுசி இதை விளையாட்டு என்று சொல்கிறாள். உங்கள் வகுப்பில் செய்வதாம். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குச் சிங்களம் அந்த அதிகாரியைவிட நன்றாக வரும் என்றுகூடச் சொல்லலாம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். கம்பியூட்டரைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியிருக்கலாம். அட்டைக்கடியைக் கண்டால் அவரே சிரித்திருப்பார். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தபோது எனக்கு வாப்பாவின் கடை ஞாபகம் வந்தது. கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் திரும்பி வராத காலம் அது. நான் சொன்னேன்: "அவங்க டைப்பிங் படிக்க வாறவங்க. இது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

பரமேஸ்வரிக்கும் சிங்களம் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

நேரே வகுப்புக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு, கம்பியூட்டரில் இருந்த மூன்றாம் அத்தியாயத்தை அழித்தேன். பிரதி எடுத்து வைத்திருந்த சீடீயையும் உடைத்தேன். மலை வழியாக வரும் முதல் இரண்டு அத்தியாயங்களில் பன்றியும் பனியும்தானே என்று அவற்றை விட்டுவைத்தேன். அந்தப் பயத்திலும் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துப் பார்க்க எனக்கு முடிந்திருக்கிறது.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரும், தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்த கடிதமும் அவரை வெளியே கொண்டுவந்தன. கொப்பி திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பரமேஸ்வரி வகுப்புக்கு வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் திரை கறுப்பாக நின்றது.

"மூணாவது எங்க சேர்?"

"கம்பியூட்டர் பழுதாப் போச்சு அக்கா. அழிஞ்சிட்டு."

"ஹரி, சரி. திரும்ப வரைவோம்" என்றார். பைக்குள் புதுக் கொப்பி ஒன்று இருந்தது.

ஆனால் அந்தக் கொப்பியில் பாதைகள் வரவில்லை. பாலத்தைத் தாண்டினால் உடனே கந்தோர் ஜன்னல். பஸ் நிலையம் இல்லை, சாவடி இல்லை, குறுக்குப் பாதை ஒன்றுகூட இல்லை. "எதிரி" என்ற சொல்லையும் எடுத்துவிட்டு "வாறது" என்று எழுதினார். அவர் எழுதியபடியே கணினியில் ஏற்றினேன்.

அந்த நாட்களில்தான் எங்களுக்குள் 'ஓடு' என்ற கட்டளையைப் பற்றி வாக்குவாதம் வந்தது. அவருடைய திட்டத்தில், எந்தச் சண்டையிலிருந்தும் ஓடலாம், ஓடினால் எப்போதும் தப்பலாம். இது பெரிய குறை என்று நான் சொன்னேன். இப்படி வைத்தால் ஒருவன் ஒரு சண்டையும் போடாமலே கடைசிவரை போய்விடுவான். ஓடுகிறவனுக்குக் கொஞ்சமாவது பலம் குறைய வேண்டும், பையிலிருந்து ஏதாவது விழ வேண்டும்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை. "ஓடுறவங்களுக்கு ஏன் சேர் தண்டன? பயந்துதானே ஓடுறாங்க" என்றார்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும் என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வைப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

விளையாட்டு முடிந்தபின் கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்யும் என் நண்பர் ஒருவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். சின்ன வயதிலிருந்தே இப்படியான விளையாட்டுகளில் ஊறியவர். இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதியிருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்லப் பரமேஸ்வரி கேட்டார். நண்பர் பனிமூட்டத்தைப் புகழ்ந்திருந்தார். 'பேசு' கட்டளையைப் புகழ்ந்திருந்தார். கிளார்க்கோடு நடக்கும் சண்டையில் ஒவ்வொரு முறையும் அவன் இன்னொரு கடிதம் கேட்பதை வாசித்துத் தான் வாய்விட்டுச் சிரித்ததாக எழுதியிருந்தார். அட்டைகள் அதிகம், எழுத்து மெதுவாக ஓடுகிறது, கோயிலடியில் மட்டும்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம் என்பது கஷ்டம் என்றெல்லாம் குறைகளும் இருந்தன. கடைசியாக இப்படி ஒரு வரி: "மூன்றாம் அத்தியாயம் அவசரத்தில் செய்ததாகத் தெரிகிறது. அங்கே ஒரு பெரிய ஊர் இருந்திருக்க வேண்டும். செய்தவர் களைத்துவிட்டார் போலும்."

அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வாசித்தேன்.

பரமேஸ்வரி சிரித்தார். "நல்லாத்தான் பாத்திருக்காரு" என்றார். களைத்தது அவரில்லை என்று நான் நண்பருக்கு எழுதவில்லை.

அதன் பிறகு அவர் வகுப்புக்கு வருவது குறைந்தது. இந்த வருட மழைக்கு லயத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. எல்லோரும் இறங்கித் துப்புரவாக்கினார்களாம், அவரும். ஒரு வாரத்தில் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். கண் மஞ்சளான பிறகுதான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார்கள்.

நான் போனபோது முகத்தில் ஒக்சிசன் மூடி இருந்தது. விஜயா எழுந்து எனக்கு இடம் தந்தார். வழியெல்லாம் பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகக் கோத்துக்கொண்டு வந்தவன், கட்டிலருகில் குனிந்து "அக்கா, அந்த மூணாவது..." என்று தொடங்கினேன். அவர் கையைக் கொஞ்சம் தூக்கினார். போதும் என்றாரா, தண்ணீர் கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. விஜயாவைப் பார்த்தேன். "பேச வேணாமாம் சேர்" என்றார் விஜயா. அவரும் ஊகித்துத்தான் சொன்னார். நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னாள். மறுநாள் வரலாம் என்று இறங்கினேன். மறுநாள் காலையில்தான் அந்தத் தொலைபேசி.

அழிந்த அத்தியாயத்தைத் திரும்பச் செய்து வைக்கலாமே என்று என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தேன். பஸ் நிலையத்தை என்னால் வரைய முடியும், தபால் கந்தோரை வரைய முடியும். தோட்டத்திலிருந்து இறங்கும் அந்தக் குறுக்குப் பாதைகளில் நான் ஒரு நாளும் நடந்ததில்லை. அவருடைய கொப்பியில் அவை பதினொன்றா பன்னிரண்டா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

அடக்கத்தன்று லயத்து முற்றம் சேறாக இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. கீழே கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு சிங்களப் பெரியவர், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், என் பக்கத்தில் வந்து நின்று, "மஹத்தயா யார், சொந்தமா?" என்று கேட்டார்.

நான் சிங்களத்தில் சொன்னேன்: "இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டுச் செய்தோம். வரைபடமெல்லாம் அவங்களுடையது. மற்றது நான் செய்தது."

ஒரு பிழையுமில்லாமல், நிறுத்தாமல் சொன்னேன். அவர் "ஆ, ஹொந்தாய்", நல்லது, என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலியை எடுக்கப் போய்விட்டார்.

பரமேஸ்வரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அன்று பொலிஸ் நிலையத்தில் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியம்தான். இப்போது கேட்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்கிறேன். இப்போது அதைச் சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.